கரக்பூரில் கோதுமையும் பாலும் இல்லாமல் வெளியே சாப்பிடுவது எப்படி?

சங்க அன்பர்கள் தங்கள் பிள்ளைகளை ஐ.ஐ.டி.யில் சேர்க்கக் கரக்பூர் வரும்போது என் வீட்டில் இறங்கி ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நம்ம சாப்பாடு கிடைக்குமா சார்?" கிடைக்கும் என்று நான் தயங்காமல் சொல்லி வந்தேன். ரயில்வேயை நம்பித் தெலுங்கர்களும் நாமும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஊர் இது. இட்லி தோசைக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் பேத்தி எம்.டெக். படிக்க இங்கே வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு, பதில் சொல்வதற்கு முன் பிள்ளைக்கு உடம்பு எப்படி என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டேன்.

அவள் டில்லியில் பிறந்து வளர்ந்தவள். பதின்மூன்று வயதில் இரத்த சோகை வந்தது. ஒரு வருடம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை. கூடப் படித்த பெண்கள் எல்லாம் வளர, இவள் மட்டும் அதே உயரத்தில் நின்றாள். வயிற்றில் தொந்தரவு என்று அவள் சொன்னதில்லை, ஆகவே வயிற்றை யாரும் சந்தேகிக்கவும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் டி.டி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவாயிற்று.

நம்மில் பலருக்கு இந்தப் பெயரே புதிது என்பதால் சற்று விளக்குகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சிலருடைய உடம்பில் இது போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். சிறுகுடலின் உட்சுவர் பூந்துவாலையைப் போல நுண்ணிய நீட்சிகள் நிறைந்தது. அந்த நீட்சிகள் மழுங்கிப்போனால் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் க்ளூட்டனை விலக்குவது ஒன்றே வழி. கோதுமைதான் காரணம் என்பதை வெளிக்கொண்டு வந்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது மற்றக் குழந்தைகள் வாடினார்கள். இந்த நோய் கண்ட குழந்தைகளோ தேறினார்கள். அவர் தம் ஆய்வேட்டை 1950-ல் வெளியிட்டார்.

ஹரியானா, அஸ்ஸாம், வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் வயது வந்தோரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. வடக்கே இந்த நோய் மிக அதிகம், வேலூரில் மிகமிகக் குறைவு. கோதுமை தின்னும் அளவும் வடக்கேதான் மிக அதிகம். ஊரில் இருக்கும் நம் உறவினர்கள் "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, ஒரு சப்பாத்தி சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று சொல்வதன் காரணம் இதிலிருந்து விளங்கும். அவர்கள் இந்த நோயைக் கண்டதே இல்லை. சந்தேகம் வந்தவுடன் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடுகிற பெற்றோரும் உண்டு. அதுவும் தவறு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் பரிசோதனை, பிறகு நிறுத்தம்.

இவ்வளவும் போதாதென்று, பெண் பத்தொன்பது வயதில் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் இல்லை. மாமிசமும் முட்டையும் எங்கள் வீட்டில் முன்பே கிடையாது. அவள் அம்மா டெலிபோனில் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்: "மாமா, கோதுமை அவ தலையெழுத்து. பாலையாவது விடாம இருக்கச் சொல்லுங்கோ." நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். "தாத்தா, கோதுமையை என் உடம்பு வேண்டாங்கறது. பாலை நான் வேண்டாங்கறேன். தெரியாம கொஞ்சம் பால் சேர்ந்துட்டா வருத்தப்படுவேன், அவ்வளவுதான். கோதுமை சேர்ந்துட்டா படுத்துடுவேன். நீங்க கடையில கேக்கறப்போ இந்த ரெண்டையும் கலக்காதீங்கோ." இதில் எனக்கு முழு உடன்பாடு வந்தது என்று சொல்ல மாட்டேன். மோர் இல்லாத சாப்பாடு என்னைப் பொறுத்தவரை முடியாத சாப்பாடு. ஆனால் அவள் பிரித்துச் சொன்னது சரி என்று பட்டது. கடைக்காரரிடம் விசாரிக்கும்போது அது எவ்வளவு உதவும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை நான் ஒரு தென்னிந்திய ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். பல வருடப் பழக்கம் உள்ள இடம். மாஸ்டரிடம் தெலுங்கிலேயே, கோதுமை கூடாது, நெய் கூடாது என்று சொன்னேன். "அரிசி, உளுந்துதான் சார்" என்று அவர் உறுதி சொன்னார். இரண்டு சாதா தோசையும் ஒரு கிண்ணம் சாம்பாரும் சாப்பிட்டாள். அன்று இரவே வாந்தி, வயிற்றுவலி. இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. "பரவாயில்லை தாத்தா" என்று அவள் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு கோளாறு வந்தால் காரணம் தெரியாமல் ஃபைலை மூடிப் பழக்கமில்லை. முதலில் வீட்டுச் சமையலறையில் தொடங்கினேன். பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், கருவேலம் பிசின், கோதுமை மாவு, பெருங்காயம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. அறுபது வருடமாக ரசத்தில் போட்டுச் சாப்பிட்டு வருகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை! சுத்தப் பெருங்காயம் காரமும் நெடியும் மிக்கது. ஆகவே மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன, பல கம்பெனிகள் கோதுமை அல்லது மைதா சேர்க்கின்றன.

குற்றவாளி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பொருந்தவில்லை. இருபது லிட்டர் அண்டா சாம்பாருக்கு 20 கிராம் பெருங்காயத் தூள் போடுகிறார்கள் என்றும், அதில் பாதி மாவு என்றும் வைத்துக்கொள்வோம். மாவு 10 கிராம். மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன், அதாவது 1 கிராம். ஒரு கிண்ணம் 200 மில்லி, அண்டாவில் நூறில் ஒரு பங்கு. ஆக அவள் வயிற்றுக்குப் போனது 10 மில்லிகிராம். நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சேர்ந்தாலே குடல் சுவர் கெடத் தொடங்குகிறது என்று 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் க்ளூட்டன் உண்டு, அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். பெருங்காயத்தைத் தினமும் சேர்க்கக் கூடாது, சரி. ஆனால் ஒரே ராத்திரியில் ஆளைப் படுக்க வைத்தது வேறு எதுவோ.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். சண்டைக்குப் போகவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினார். தோசை மாவு அரிசியும் உளுந்தும்தான். ஆனால் மொறுமொறுப்புக்காக ஐந்து கிலோ மாவுக்கு ஒரு கிண்ணம் ரவை கலக்குகிறார். ரவை கோதுமை அல்லவா என்று கேட்டேன். "அது சூஜி சார், ஆட்டா இல்லையே!" என்று வியப்புடன் சொன்னார். அவர் பொய் சொல்லவே இல்லை. கோதுமை என்றால் அவருக்கு ஆட்டா, அவ்வளவுதான். கிண்ணம் 100 கிராம் பிடிக்கும். இரண்டு தோசைக்கு 200 கிராம் மாவு, அதில் ரவை 4 கிராம், அதில் க்ளூட்டன் சுமார் 400 மில்லிகிராம். சாம்பாரைப் போல நாற்பது மடங்கு! போதாக்குறைக்கு அதே கல்லில் ரவா தோசை, அதே திருப்பி.

அன்றிலிருந்து "கோதுமை உண்டா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஆட்டா, மைதா, சூஜி, சேமியா, டாலியா, ரொட்டித் தூள், பெருங்காயம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். பிறகு எண்ணெயைப் பற்றிக் கேட்கிறேன். பூரியும் சமோசாவும் பொரித்த எண்ணெயில் வடை போட்டால், உளுந்து வடையிலும் கோதுமை உண்டு. வாணலியின் சூட்டில் க்ளூட்டன் அழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அழியாது. பழைய கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்தால் கை தானாகவே "நில்" என்ற நிலைக்கு வந்துவிடும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் எங்களுக்கும் அதே ஏற்பாடு. சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவோம்.

நம் ஹோட்டல் என்று நம்பிப் போகிற இடத்தில்தான் ஆபத்து அதிகம் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உப்புமா, ரவா இட்லி, பரோட்டா கதை சொல்லவே வேண்டாம். பொங்கலில் நெய். எலுமிச்சை சாதத்திலும் சட்னித் தாளிப்பிலும் பெருங்காயம். தேங்காய்ச் சட்னியில் சில இடங்களில் தயிர். கடைசியில் மிஞ்சுவது, ரவை கலக்காத மாவில் வெந்த இட்லியும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியும். பொடியிலும் பெருங்காயம் இருக்கும் என்பதால் வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பாவில் கொண்டு போகிறோம். நானே அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கி இடித்த பொடி.

இத்தனை வருடமாக நான் அதிகம் எட்டிப் பார்க்காத வங்காளிச் சோற்றுக் கடைதான் கை கொடுத்தது. பாத்தேர் ஹோட்டல் என்பார்கள். வெறும் சோறு, கசகசா அரைத்துக் கடுகெண்ணெயில் செய்த ஆலு போஸ்தோ, வாழையிலையில் உப்பும் எலுமிச்சையும். போஸ்தோவில் மாவும் இல்லை, பாலும் இல்லை. பேகுன் பாஜா என்ற கத்தரிக்காய் வறுவல் பெரும்பாலும் மஞ்சளும் உப்பும் தடவிப் பொரிப்பதுதான். சிலர் மட்டும் மேலே மைதா தூவுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். சுக்தோ என்ற கசப்புக் கறியில் கடைசியில் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. கடலைப் பருப்பு தாலில் நெய் விடுவார்கள். மசூர் தாலில் நெய் இல்லாத கடை கிடைக்கும், ஆனால் மீன் தலை போட்ட தாலும் பக்கத்திலேயே கொதிக்கும். கரண்டி எது என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சைவம் என்று சொல்ல "நிராமிஷ்" என்ற சொல்லைத்தான் நாம் முதலில் கற்றுக்கொள்வோம். நிராமிஷ் என்றால் மீன், மாமிசத்தோடு வெங்காயம், பூண்டும் இல்லாத சமையல். வெங்காயம் பூண்டு இல்லாத இடத்தில் மணத்துக்கு என்ன போடுவார்கள்? பெருங்காயம்! பால், நெய்க்கும் அதில் தடையில்லை. ஆக நிராமிஷ் என்று கேட்டு வாங்கினால், இவள் விலக்கும் இரண்டும் சேர்ந்து வரக்கூடும். நாங்கள் இப்போது "பேயாஜ், ரோஷுன் தாக்குக், ஹிங் நொய்" என்று சொல்கிறோம். வெங்காயம், பூண்டு இருக்கட்டும், பெருங்காயம் வேண்டாம் என்று பொருள். ஒரு தமிழ்க் கிழவர் இப்படிக் கேட்பதைச் சமையற்காரர்கள் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள்.

அவள் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்திருக்கும் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அன்பர்கள் பிள்ளைகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். "ஆமி கொமேர் கிச்சு காய் நா, கேலே ஓஷுக் ஹொய்": கோதுமைப் பண்டம் எதுவும் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டால் நோய் வரும். "ஆட்டா, மொய்தா, ஷுஜி, ஹிங் சோல்பே நா": இவை எதுவும் ஆகாது. "தூத், தொய், கீ, மாக்கொன், சானா, தாஓ நா": பால், தயிர், நெய், வெண்ணெய், பனீர், அவையும் கூடாது. "ஏய் தேலே லூச்சி, ஷிங்காரா பாஜா ஹொயேச்சே?": இந்த எண்ணெயில் பூரி, சமோசா பொரித்தீர்களா? கோதுமை வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும், ஓஷுக் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். நோய் என்றால் கடைக்காரர் நின்று கேட்கிறார். பால் வேண்டாம் என்பதை முதலில் சொன்னால், ஏதோ விரதம் என்று எண்ணி மற்றதையும் லேசாக எடுத்துக்கொள்கிறார். அவள் அன்று பிரித்துச் சொன்னதன் பயன் இது.

மாலை வேளைதான் கஷ்டம். புரி கேட் பக்கம் மாணவர்கள் கூட்டமாகப் போவது மோமோவுக்கும் ரோலுக்கும் சௌமீனுக்கும். மூன்றும் மைதா. ஃப்ரைட் ரைஸ் அரிசிதானே என்றால், சௌமீன் கிளறிய அதே வாணலி. ஊற்றும் சோயா சாஸும் பொதுவாகக் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. புச்காவின் பூரி ரவையிலும் ஆட்டாவிலும் ஆனது. ஆலூர் சாப் கடலை மாவில் தோய்த்ததுதான் என்றாலும் ஷிங்காரா எண்ணெயில் நீந்தி வரும். சினேகிதிகள் சாப்பிட, இவள் பாலில்லாத லால் சாவும் வறுத்த வேர்க்கடலையுமாக உட்கார்ந்திருப்பாள். பசி அவளுக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, அதற்குக் காரணமும் சொல்லி, யாராவது "ஒரு வாய் மட்டும்" என்று நீட்டினால் மறுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் களைப்பாக இருக்கிறது என்றாள். முதல் செமஸ்டரில் அவர்களோடு போவதையே நிறுத்தியிருந்தாள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிள்ளை பட்டினியா என்று கேட்கிறோம், தனியாக இருக்கிறதா என்று கேட்பதில்லை.

ஹாஸ்டலில், அதாவது இங்கே ஹால் என்கிறார்கள், மெஸ் மேனேஜரிடம் டாக்டர் சீட்டைக் காட்டிப் பேசினோம். ரொட்டி தேய்க்கும் இடத்தில் மாவு பறந்து எல்லாவற்றின் மேலும் படியும். ஆகவே சோறும் தாலும் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் முதல் கரண்டி இவளுக்கு என்று ஏற்பாடு. அவளுக்கென்று ஒரு சிறு வாணலி வாங்கிக் கொடுத்து, கைப்பிடியில் சிவப்பு பெயிண்ட் அடித்தேன். ரயில்வே பழக்கம் போகவில்லை.

கடையில் வாங்கும் பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும், பால் இல்லை என்று அர்த்தமில்லை. வீகன் உணவுக்கு 2022-ல் தனி விதியும் தனிச் சின்னமும் வந்துவிட்டன. "க்ளூட்டன் இல்லாதது" என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாம் போகும் சின்னக் கடைகளுக்கு அது பொருந்தாது. சில்லறையில் வாங்கும் கடலை மாவும் அரிசி மாவும் கோதுமை அரைக்கும் அதே மில்லில் அரைத்தவையாக இருக்கலாம். நாங்கள் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்கிறோம்.

பி-12 வைட்டமின் செடி கொடிகளில் கிடைக்காது, ஆகவே டாக்டர் சொன்னபடி மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். பாலுக்குப் பதில் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கரக்பூரில் கேழ்வரகுக்கு அலைய வேண்டியிருப்பதால், சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் முழுத் தானியமாகச் சொல்லி அனுப்புகிறேன்.

இரண்டாம் வருடம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு முரிக்காரர் இருக்கிறார். பொரியில் கடுகெண்ணெய், பச்சை மிளகாய், தேங்காய்க் கீற்று, வேகவைத்த கொண்டைக்கடலை, வெள்ளரி எல்லாம் போட்டுக் குலுக்கித் தருவார். அதில் போடும் சானாச்சூரில்தான் மைதாத் துண்டுகள் கிடக்கும். அவரிடம் அட்டையைக் காட்டிப் பேசி, சானாச்சூர் படாத தனி டப்பாவும் தனிக் கரண்டியும் வைக்கச் செய்துவிட்டாள். இப்போது சினேகிதிகளே முரி சாப்பிட அங்கே வருகிறார்கள். நானும் சாயங்கால நடையில் அங்கே நிற்பதுண்டு. அந்தப் பெண்ணின் தாத்தா என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் அவர் அந்தத் தனி டப்பாவிலேயே குலுக்கித் தருகிறார். எனக்குச் சானாச்சூர் பிடிக்கும் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.